தகர டிரம் ஏன் வியர்க்கிறது? சாரல் காலத்தில் விதையைக் காக்கும் வழிகள்

பிசான அறுவடை முடிந்ததும் விதைக்கென்று நாலைந்து மூட்டை நெல்லை ஒதுக்கி, களத்தில் காயவைத்து, தகர டிரம்மில் கொட்டி மூடி வைத்திருப்பீர்கள். தை மாதம் எடுத்த உளுந்தும் புரட்டாசி விதைப்புக்காக இன்னொரு டிரம்மில் இருக்கும். எலி ஏறாது, கரையான் அரிக்காது, ஓட்டு ஒழுக்கு படாது என்று நிம்மதியாக இருக்கும்போது ஆனி பிறக்கும். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பிக்கும். ஒருநாள் காலையில் ஏதோ தேவைக்கு மூடியைத் திறந்தால், அதன் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். மேல்நெல் விரலளவு ஆழத்துக்குக் கட்டி தட்டியிருக்கும். கையை விட்டுக் கிளறினால் மக்கிய வாடை அடிக்கும். தகரத்தை ஒட்டிக் கிடந்த மணிகளில் சில முளையே விட்டிருக்கும்.

"சாரல் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது" என்பார் வீட்டுப் பெரியவர். "தகர டிரம் நம்ம ஊருக்கு ஆகாது, குலுக்கைதான் சரி" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். காற்று போகட்டும் என்று டிரம்மில் ஆணியால் நாலு ஓட்டை போடுவது பலரும் அடுத்துச் செய்யும் காரியம். இதில் கடைசிக் காரியம்தான் ஆபத்தானது. முதல் இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூடியில் கோத்து நிற்கும் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பது தெரியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 கிலோ நெல் பிடிக்கும் கலனில், நெல்லுக்கு மேல் மூடிவரை இருக்கும் வெற்றிடம் ஒரு கன மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் சுமக்கும். அப்படியானால் அந்த வெற்றிடத்துக் காற்றில் இருக்கக்கூடிய தண்ணீர் மொத்தமே 6 கிராம். ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இப்போது நெல்லைப் பாருங்கள். 14 சதவீத ஈரப்பதத்தில் 500 கிலோ நெல்லைக் கொட்டியிருந்தால், அதற்குள்ளேயே 70 கிலோ தண்ணீர் இருக்கிறது. ஏழு குடம் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. மணிக்குள் ஒளிந்திருக்கும் இந்தத் தண்ணீர்தான் காற்றுக்கு வருகிறது. காற்றிலிருந்து மூடிக்குப் போகிறது. மூடியிலிருந்து சொட்டி மேல்நெல்லில் விழுகிறது. காற்றிலிருந்து ஈரம் குறைந்ததும் நெல் மறுபடியும் கொஞ்சம் விடுகிறது. இரவுதோறும் இது நடந்தால் பத்து, பதினைந்து நாளில் மேல்நெல் நனைந்த நெல்லாகிவிடும். ஆக, மூடியில் நிற்பது பெரும்பாலும் நீங்களே உள்ளே வைத்து மூடிய தண்ணீர். சாரல் செய்தது, தகரத்தைக் குளிரவைத்தது மட்டுமே.

குளிர்ந்த மோர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று சூடாக இருக்கும்போது நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த பரப்பில் பட்டதும் தாங்க முடியாமல் துளியாக விட்டுவிடும். எந்த வெப்பநிலையில் அப்படி விடத் தொடங்குகிறதோ, அதைப் பனிநிலை என்பார்கள். டிரம்மின் மூடி அந்தப் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்தால் வியர்க்கும், அதற்கு மேலே இருந்தால் வியர்க்காது.

நெல்லின் ஈரப்பதத்தைப் பொறுத்து இந்தப் பனிநிலை மாறும். 30 டிகிரியில் இருக்கும் நெல்லில் 14 சதவீத ஈரம் இருந்தால், டிரம்முக்குள் இருக்கும் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 24, 25 டிகிரி. சாரல் அடிக்கும் இரவில் தகரம் சுலபமாக அந்த அளவுக்கு இறங்கிவிடும். எனவே 14 சதவீத நெல் தினமும் வியர்க்கும். ஈரம் 12 சதவீதமாக இருந்தால் பனிநிலை 21 டிகிரி அளவில். சாதாரண இரவில் தப்பிக்கும், மார்கழி, தை மாதக் குளிரில் தப்பிக்காமலும் போகலாம். 10 சதவீதத்துக்குக் காயவைத்திருந்தால் பனிநிலை 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். தென்காசி வட்டாரத்தில் வீட்டுக்குள் வைத்த டிரம் அந்த அளவுக்குக் குளிர வாய்ப்பே இல்லை. அதே டிரம், அதே வீடு, அதே சாரல். நெல்லில் நாலு சதவீத ஈரம் குறைந்ததுதான் வித்தியாசம்.

நன்றாகக் காய்ந்த நெல்லும் வியர்க்கும் இடம்

"நான் நல்லாத்தான் காயவைத்தேன், 12 சதவீதம் என்று மீட்டரிலும் பார்த்தேன். பிறகும் வியர்த்தது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். அந்த டிரம் எங்கே நின்றது என்று கேளுங்கள். பெரும்பாலும் தகரக் கொட்டகையிலோ, மேற்கு வெயில் படும் தாழ்வாரத்திலோ நின்றிருக்கும்.

வெயில் பட்டு டிரம்மின் மேல்பகுதி நெல் 40 டிகிரிக்குச் சூடாகிறது என்று வையுங்கள். சூடேறிய நெல் தன் ஈரத்தை வேகமாகக் காற்றுக்கு விடும். 12 சதவீத நெல்லாக இருந்தாலும், அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் காற்றின் பனிநிலை 31, 32 டிகிரிக்கு ஏறிவிடும். மாலையில் சூரியன் மறைந்து தகரம் 28 டிகிரிக்கு வந்தாலே போதும், வியர்த்துவிடும். நெல் மெதுவாகக் குளிரும், தகரமோ உடனே குளிரும். இந்த இடைவெளிதான் பிரச்சினை.

சாரல் காலத்தில் இது இன்னும் மோசம். பத்து நிமிடம் சுள்ளென்று வெயில், அடுத்த பத்து நிமிடம் சாரல் என்று வானம் கண்ணாமூச்சி ஆடும். வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் சாரல் விழுந்ததும் அது சட்டென்று குளிர்ந்துவிடும். ஒரு பகலில் நாலைந்து முறை உள்ளே வியர்த்து, காய்ந்து, மறுபடி வியர்க்கும்.

களத்திலிருந்து சுடச்சுட அள்ளி டிரம்மில் கொட்டி மூடுவதும் இதே வகைத் தவறுதான். பங்குனி வெயிலில் காய்ந்த நெல்லைக் கையில் அள்ளினால் சுடும். அதை அப்படியே மூடினால் முதல் இரவிலேயே டிரம் வியர்க்கும். சூட்டோடு மூடினால் பூச்சி சாகும் என்று சிலர் நம்புகிறார்கள். களத்துச் சூடு எல்லாப் பூச்சியையும் கொல்லாது, விதைக்குத்தான் கெடுதல்.

குலுக்கை ஏன் வியர்க்கவில்லை?

மண் குலுக்கைக்கும் மரப் பத்தாயத்துக்கும் இந்தத் தொல்லை குறைவு. மண்சுவர் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிரும். உள்ளே ஈரம் மிஞ்சினால் சுவரே கொஞ்சம் உறிஞ்சி, பகலில் வெளியே விட்டுவிடும். தகரம் ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது. அதனால் சுமாராகக் காய்ந்த நெல்லையும் குலுக்கை ஓரளவு பொறுத்துக்கொண்டது, தகரம் பொறுத்துக்கொள்ளாது. ஆனால் குலுக்கை வெளி ஈரத்தையும் உள்ளே விடும். மேக்கரை, பண்பொழி, செங்கோட்டை பக்கம் இரண்டு மாதம் சாரல் அடித்தால், குலுக்கை நெல் மெல்ல மெல்ல ஈரம் ஏறிவிடும். எலிக்கும் வண்டுக்கும் அது பெரிய தடையும் இல்லை. எனவே பழையபடி குலுக்கைக்கே போவோம் என்பது எனக்குச் சரியான யோசனையாகப் படவில்லை.

டில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா கலன் இரண்டையும் சேர்த்துப் பார்த்த முயற்சி. வெளியே ஒரு மண்சுவர், உள்ளே ஒரு மண்சுவர், நடுவில் கெட்டியான பாலித்தீன் தாள். மண் சூட்டைத் தடுக்கும், தாள் ஈரத்தைத் தடுக்கும். கட்டுவதற்கு ஆளும் இடமும் வேண்டும் என்பதால், வீடுகளில் தகரமே நிலைத்துவிட்டது. அந்தப் பாடத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரே மாவட்டம், இரண்டு வானிலை

தென்காசி மாவட்டத்தில் எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது. ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் கேரளத்து ஈரக்காற்று குற்றாலம், செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் மேற்குப் பகுதிகளில் ஈரத்தை இறக்கிவிட்டு, கிழக்கே போகப் போக வறண்ட காற்றாகிவிடுகிறது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் அதே காற்றுதான், சங்கரன்கோவில் பக்கம் கரிசல் புழுதியைக் கிளப்புகிறது. ஆனி, ஆடியில் கிழக்கே இருப்பவர்களுக்கு உலர்த்துவது சுலபம், மலையடிவாரத்துக்காரர்களுக்குக் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லோருக்கும் ஒரே கதை.

காற்றின் ஈரம் 80 சதவீதமாக இருக்கும் நாளில் நெல்லை எத்தனை மணி நேரம் பரப்பி வைத்தாலும் 15 சதவீதத்துக்குக் கீழே காயாது. 90 சதவீதமாக இருந்தால் 18 சதவீதத்திலேயே நின்றுவிடும். ஏற்கெனவே காய்ந்த நெல்லை அன்றைக்குப் பரப்பினால் அது ஈரத்தை வாங்கிக்கொள்ளும். சாரல் நாளில் "லேசா ஒரு வாட்டி காத்தாட விடுவோம்" என்று டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டுவது இதனால்தான் வேண்டாம் என்கிறேன். விதை நெல்லையும் உளுந்தையும் சாரல் தொடங்கும் முன்பே, சித்திரை, வைகாசி வெயிலில் ஒருமுறை மறுகாய்ச்சல் கொடுத்து மூடிவிடுவது மலையடிவார ஊர்களுக்கு நல்ல பழக்கம். கார் நெல் அறுவடை புரட்டாசியில் மழைக்குள் மாட்டிக்கொண்டால் களத்தை நம்பாமல், வேளாண் பொறியியல் துறை மானியத்தில் அமைத்துத் தரும் சூரியக் கூடார உலர்த்தியையோ, அரிசி ஆலைகளில் உள்ள எந்திர உலர்த்தியையோ நாடலாம். விதைக்கு என்று சொல்லி, சூட்டைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு காயவேண்டும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை ஈரப்பதம் உள்ள நெல்லை எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஏற்கப்பட்ட அதே குவியலில் மிச்சத்தை விதைக்காக டிரம்மில் கொட்டினால், கெட்டுப்போவது நிச்சயம். ஆலைக்குப் போகும் நெல்லுக்கு வைத்த அளவு அது, மாதக்கணக்கில் மூடி வைக்கும் நெல்லுக்கு வைத்ததல்ல.

விதைச் சான்றளிப்புத் தரத்தைப் பாருங்கள். சாக்குப் பையில் வைக்கும் நெல் விதைக்கு 13 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கலாம். ஈரம் புகாத கலனில் வைப்பதாக இருந்தால் 8 சதவீதம்தான். மக்காச்சோளத்துக்குச் சாக்கில் 12, மூடிய கலனில் 8. உளுந்து, பாசிப்பயறுக்கு 9 மற்றும் 8. நிலக்கடலை, எள்ளுக்கு 9 மற்றும் 5. எல்லாப் பயிருக்கும் மூடிய கலனுக்கான அளவு குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். சாக்கு மூச்சு விடும், டிரம் விடாது என்பதே காரணம். வீட்டில் 8 சதவீதத்துக்குக் கொண்டுவருவது எல்லோருக்கும் முடியாது. விதை நெல்லை 10 சதவீதத்துக்கும், சாப்பாட்டு நெல்லை 12 சதவீதத்துக்கும் கொண்டுவந்துவிட்டால் சாரல் காலத்தைத் தாண்டிவிடலாம். உளுந்து 9 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாது.

இதில் ஆதாயமும் இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் விதைகளை ஆராய்ந்த ஹாரிங்டன் சொன்ன கணக்கை விதைத் துறையில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 14 முதல் 5 சதவீதம் வரையிலான எல்லைக்குள், ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையும்போதெல்லாம் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 13லிருந்து 10க்குக் கொண்டுவந்தால் எட்டு மடங்கு. இன்னும் இரண்டு வெயில் காயவைத்த உழைப்புக்கு இது நல்ல கூலி.

காயவைக்கும்போது விதையை தார்ப்பாயில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்பாமல், அரை மணிக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். காலை 8 முதல் 12 மணி வரை, மாலை 3 முதல் 5 மணி வரை போதும். உச்சி வெயிலில் சாக்கால் மூடி வையுங்கள் அல்லது ஓரமாகக் குவித்துவிடுங்கள்.

ஈரத்தை அறிய மீட்டர் இல்லையென்றால் உப்புப் பாட்டில் சோதனை உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம், இரண்டு மூன்று கரண்டி காய்ந்த தூள் உப்பு போட்டு மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லையென்றால் அதற்குக் கீழே. ஆனால் 14க்கும் 11க்கும் வித்தியாசம் அதில் தெரியாது. அதனால் "ஒட்டவில்லை, மூடலாம்" என்று நினைத்துவிடாதீர்கள். அறையின் ஈரத்தைக் காட்டும் சின்ன டிஜிட்டல் ஈரமானி இப்போது கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. ஒரு கெட்டியான பாலித்தீன் பையில் ஒரு கிலோ தானியத்தோடு அதைப் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, நிழலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். 60க்கும் கீழே காட்டினால் சாப்பாட்டுத் தானியம் மூடலாம், 45 அளவில் இருந்தால் விதை மூடலாம். 70க்கு மேல் காட்டினால் மறுபடி களத்துக்குத்தான். சந்தேகம் இருந்தால் ஒரு மாதிரியை விதைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய் ஈரப்பதமும் முளைப்புத்திறனும் பார்த்துக்கொள்வது இன்னும் உறுதி.

கொட்டுவதும் மூடுவதும்

காய்ந்த தானியத்தை மாலையில் வீட்டுக்குள் கொண்டுவந்து, மெல்லியதாகப் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத வரை ஆறவிடுங்கள். பனி இறங்கும் முன் கொட்டி மூடிவிடுங்கள். இரவு முழுக்கத் திறந்து போட்டால் காய்ந்தது வீணாகும்.

டிரம்மைத் துடைத்தால் மட்டும் போதாது, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, அதுவும் ஆறிய பிறகு நிரப்புங்கள். விளிம்பு வரை நிரப்புவது நல்லது. பாதி டிரம் காலியாக இருந்தால் காற்று மேலும் கீழும் சுழன்று, அடிநெல்லின் ஈரத்தை மேலே கொண்டுவர இடம் கொடுத்தது போல் ஆகும். 100 கிலோவுக்கு 500 கிலோ டிரம் வேண்டாம், சின்னதாகப் பாருங்கள். மூடிக்கும் நெல்லுக்கும் நடுவே நன்றாகக் காய்ந்த சணல் சாக்கை நாலாக மடித்து வையுங்கள். மூடி வியர்த்தாலும் சொட்டு சாக்கில்தான் விழும். சாக்கு ஈரமாகத் தெரிந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்ற அறிவிப்பும் அதிலேயே கிடைக்கும்.

பூசா கலனின் பாடம் என்று முன்னே சொன்னது இதுதான். விதைக்கு, டிரம்முக்குள் நேரடியாகக் கொட்டாமல், காற்றுப்புகாத கெட்டிப் பையில் கட்டி, அந்தப் பையை டிரம்முக்குள் வையுங்கள். பை ஈரத்தைத் தடுக்கும், டிரம் எலியைத் தடுக்கும், குளிர்ந்த தகரத்தில் தானியம் நேரடியாகப் படாது. டிரம்முக்கும் பைக்கும் இடையில் ஒரு சுற்று சாக்கைச் செருகினால் இன்னும் நல்லது. காயாத விதையைப் பையில் கட்டினால் பைக்குள்ளேயே புழுங்கிச் சாகும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

எங்கே வைப்பது?

1980கள் தொடங்கி ஹோண்டுராஸ், குவாத்தமாலா போன்ற மத்திய அமெரிக்க நாடுகளில் சுவிட்சர்லாந்து உதவியோடு மக்காச்சோள விவசாயிகளுக்குத் தகரக் கலன்களைப் பரப்பினார்கள். நம் ஊரைப் போலவே வெயிலும் ஈரமும் உள்ள நாடுகள் அவை. அங்கே கலனைக் கொடுக்கும்போதே சொல்லிக்கொடுத்தவை: தானியத்தைக் காயவைத்த பிறகே கொட்ட வேண்டும், கலன் நிழலில் நிற்க வேண்டும், தரையில் படாமல் மரப் பலகை மேல் நிற்க வேண்டும். நமக்கும் அதையே சொல்லலாம்.

சிமென்ட் தரையில் நேரடியாக வைத்த டிரம்மின் அடிநெல் முதலில் கெடும். நாலு செங்கல் மேல் பலகை போட்டு, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி வையுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியிருக்கட்டும். சாரல் அடிக்கும் மேற்குச் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர் இரண்டும் ஆகாது. சோறு வடிக்கும் அடுப்படியில் டிரம் வைப்பது பல வீடுகளில் வழக்கம், அந்த ஆவியும் சூடும் அதற்கு நல்லதல்ல. தகரக் கொட்டகையில்தான் வைக்க வேண்டும் என்றால், டிரம்முக்கு மேலே தென்னந்தட்டியால் ஒரு பந்தல் போட்டு, கூரைத் தகரத்துக்கும் தட்டிக்கும் நடுவே காற்று ஓட இடம் விடுங்கள். கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும்.

மூடியை அடிக்கடி திறக்காதீர்கள். திறக்க வேண்டியிருந்தால் வெயில் காய்ந்த நாளில் பகல் 1 மணிக்கு மேல், காற்று வறண்டிருக்கும்போது திறந்து, எடுத்ததும் மூடுங்கள். விடியற்காலையும் சாரல் நேரமும் கூடாது. தினமும் சமையலுக்கு எடுக்கும் அரிசியையும் விதையையும் ஒரே டிரம்மில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை, ஒரு இரும்புக் கம்பியை நடுவில் ஆழமாகச் செருகிக் கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கம்பி சூடாக இருந்தால் உள்ளே ஈரமும் பூச்சியும் வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

ஓட்டையும் பொட்டலமும் மாத்திரையும்

ஓட்டை போடுவதால் மூடி வியர்ப்பது குறையலாம். ஆனால் சாரல் காற்று உள்ளே வந்து நெல் முழுவதற்கும் ஈரம் ஏற்றும், வண்டுக்கும் வழி கிடைக்கும். காற்றோட்டம் தேவைப்படுவது சின்ன வெங்காயத்துக்கு. அதைத் தகரத்தில் வைக்கவே கூடாது, பட்டறையில்தான் வைக்க வேண்டும்.

மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் சேர்த்துவைத்து டிரம்மில் போடுகிறார்கள். 500 கிலோ நெல்லின் ஈரத்தை 14லிருந்து 13க்குக் குறைக்க, சுமார் ஐந்தே முக்கால் கிலோ தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். நாலு பொட்டலம் என்ன செய்யும்? காய்கறி விதை, கொஞ்சம் உளுந்து விதை போன்ற சிறிய அளவுக்கு மட்டும் இது பயன்படும். 10 கிலோ விதையை 12லிருந்து 10 சதவீதத்துக்கு இறக்க ஒரு கிலோ அளவு சிலிக்கா ஜெல் வேண்டும். நிறம் மாறியதும் எடுத்து, சட்டியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு டிரம்மில் போடவே போடாதீர்கள். ஈரம் பட்டதும் நச்சு வாயு விடும் மருந்து அது. வியர்த்த மூடியிலிருந்து சொட்டுத் தண்ணீர் நேராக அதன்மேல் விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஆட்கள் படுக்கும் வீட்டில் அந்த வாயு உயிரைப் பறிக்கும்.

பழைய கப்பல் கன்டெய்னர் வாங்குபவர்களுக்கு

தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் பழைய 20 அடி கன்டெய்னரை வாங்கித் தோட்டத்தில் குடோனாக வைக்கலாம் என்ற யோசனை சிலருக்கு வருகிறது. திருட்டுக்கும் எலிக்கும் நல்ல தடுப்புதான். ஆனால் அது பெரிய டிரம், வெயிலில் நிற்கும் டிரம். கப்பலில் சரக்கு அனுப்புபவர்கள் இதன் கூரையிலிருந்து சொட்டுவதை 'கன்டெய்னர் மழை' என்றே அழைக்கிறார்கள்.

வாங்கும் முன் பகலில் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லிப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே மழை ஒழுகும். தரையிலிருந்து கல் கட்டி உயர்த்தி, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சற்றுச் சரிவாக வையுங்கள். கூரைக்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டு ஓலையோ தகரமோ தனியாக வேய்ந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பகலில் சூடும் குறையும், இரவில் வானத்தைப் பார்த்துக் குளிர்வதும் குறையும். உள்கூரையில் தெர்மோகோல் ஒட்டுவதானால் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். தகரத்துக்கும் தெர்மோகோலுக்கும் நடுவில் காற்று புகுந்தால் வியர்வை அங்கே மறைந்து நடக்கும், துரு பிடித்த பிறகுதான் தெரியும். மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நனைந்த தார்ப்பாய், கழுவிய ஸ்பிரேயர், பச்சைச் சாக்கு எல்லாம் உள்ளே வந்தால் அவற்றின் தண்ணீர் இரவில் கூரைக்கு ஏறும். யூரியாவை விதையோடு வைக்காதீர்கள். 30 டிகிரியில் காற்றின் ஈரம் 72, 73 சதவீதத்தைத் தாண்டினாலே யூரியா தானாகக் கசியத் தொடங்கும்.

ஏற்கெனவே வியர்த்துவிட்டதா?

மேல்நெல்லைக் கீழ்நெல்லோடு கிளறிக் கலக்காதீர்கள். முதலில் கட்டி தட்டிய மேல் அடுக்கையும் சுவரை ஒட்டியதையும் தனியாக வழித்து எடுத்துவிடுங்கள். நடுவில் இருப்பது பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதை வறண்ட நாள் பார்த்துக் காயவைத்து ஆறவிட்டு மறுபடி மூடலாம். பூஞ்சாணம் பிடித்ததை மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அஃப்ளடாக்சின் நஞ்சு இருந்தால் அது பாலிலும் இறங்கும். அதை எருக்குழியில் புதைத்துவிடுங்கள்.

மிஞ்சிய விதையை நம்பி நாற்றங்காலுக்குப் போகும் முன் ஒரு சோதனை. டிரம்மின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு 100 விதை எண்ணுங்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்காதீர்கள். ஈரச் சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்து, வேரும் முளையும் ஒழுங்காக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். சான்று விதைத் தரம் நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75. அதற்குச் சற்றுக் கீழே, 70 வந்தால் விதை அளவைக் கூட்டி விதைத்துச் சமாளிக்கலாம். 60க்கும் கீழே போனால் வேறு விதை தேடுவதுதான் வழி. சாரல் முடிந்த ஆவணியிலேயே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், வேளாண் விரிவாக்க மையத்தில் சான்று விதை இருப்பு இருக்கும்போதே வாங்கிக்கொள்ள நேரம் இருக்கும்.